மேபல் சொன்னது

தேநீரில் பாலை முதலில் ஊற்றுகிறவர்களோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை. டோரீன் அப்படித்தான் ஊற்றுவாள். நாற்பத்தாறு வருஷம் பார்த்தும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால், பொறுத்துப்போகத் தெரியாதவள் நான் என்று உங்கள் கோப்பில் யாராவது எழுதியிருந்தால், சார்ஜன்ட், அதை அடித்துவிடுங்கள். இந்தக் காகிதக் கோப்பையில் நீங்கள் கொடுத்திருப்பதைக்கூட நான் குறை சொல்லவில்லை. குடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வினிஃப்ரட் டட்டில். வயது எழுபத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. பதினெட்டு வயதில் ஹோல்ட்மியர் பெரிய வீட்டுக்கு வேலைக்குப் போனேன். அரசர் குடும்பம் வருஷத்தில் நாலு மாதம் அங்கே வந்து தங்கும். நாங்கள் பன்னிரண்டு மாதமும் இருப்போம். அறுபதில் ஓய்வு கொடுத்து, தோட்டத்து மதிலை ஒட்டி வரிசையாக இருக்கும் சின்ன வீடுகளில் நாலாம் எண்ணை எனக்குக் கொடுத்தார்கள். ஐந்தாம் எண் டோரீன் பாஸ்க்குக்கு. நடுவில் ஒரே சுவர். அவள் இருமினால் எனக்குக் கேட்கும். சுவரில் இரண்டு தட்டு தட்டினால் டீ தயார், வா என்று அர்த்தம்.

வக்கீல் என் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமுகிறார். நான் எதுவும் பேச வேண்டியதில்லை என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். நல்ல பிள்ளை. ஆனால் பேசாமல் இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள்: உள்ளே பார்த்ததை, கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன். என் சொந்தத் தங்கை, ராணியம்மா காலையில் என்ன சாப்பிடுவார் என்று கேட்டாள், சொல்லவில்லை. அவள் சாகும்வரைக்கும் சொல்லவில்லை. அவித்த முட்டைதான். ஆனாலும் சொல்லவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. குழந்தைகள் பகுதியில் முதல் பணிப்பெண்ணுக்குப் பெயர் மேபல். இரண்டாமவளுக்கு எத்தல். யார் வேலைக்கு வந்தாலும் அதே பெயர்தான். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கோட்டோடு சேர்த்துக் கழற்றி வாசலில் மாட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதுப் பெயரை மனப்பாடம் செய்யும் சிரமம் குடும்பத்தாருக்கு வேண்டாமே. எனக்கு முன்னால் ஒன்பது மேபல்கள் இருந்தார்கள். நான் ஆறு வருஷம் மேபல். அப்போது டோரீன் எத்தல். அப்புறம் என்னைத் துணி அறைக்கு மேற்பார்வையாளராகப் போட்டார்கள். டோரீன் மேபல் ஆனாள். இதை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள், எல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

பிறகு செப்டம்பரில் அந்தப் புத்தகம் வந்தது.

இளவரசர் லயனலுக்கு இப்போது ஐம்பது வயது. ஐம்பது வயதில் ஒரு மனிதர் தோட்ட வேலை செய்யலாம், நாய் வளர்க்கலாம். இவர் தன் கதையை எழுதினார். பெற்றவர்கள் சண்டை, அண்ணனின் குடி, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம். புத்தகம் கடைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு செய்தித்தாள் அதில் ஒரு பகுதியை எடுத்துப் போட்டது. அதை நான் வெட்டி வைத்திருக்கிறேன், கைப்பையில் இருக்கிறது. மனப்பாடமாகவே சொல்வேன். "எனக்கு ஏழு வயது. சின்னம்மை போட்டுப் படுத்திருந்தேன். அம்மா கப்பலில் வெளிநாடு போயிருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். மேபல் மட்டும்தான் உண்மையைச் சொன்னாள். உன் அம்மா எங்கும் போகவில்லை, இரண்டு மாடி கீழே இருக்கிறார், மேலே வரக்கூடாது என்று உன் அப்பா உத்தரவு போட்டிருக்கிறார் என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் மேபலைத் தவிர வேறு யாரையும் நான் நம்பவில்லை."

அந்தக் குழந்தை இருந்த நிலை என்ன? சொறிந்து தழும்பாக்கிக்கொள்ளக் கூடாது என்று இரண்டு கையிலும் வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டி, மணிக்கட்டில் நாடா கட்டியிருந்தது. இடது கை நாடா மட்டும் அவிழ்ந்துகொண்டே இருக்கும். அழுது அழுது தலையணை ஈரம். அப்படிக் கிடக்கும் பிள்ளையிடம் போய் அப்பாவைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையை ஒரு வேலைக்காரி சொல்லலாமா? அந்த ஒரு வார்த்தையில் முளைத்ததுதான் அந்தப் புத்தகம் முழுக்க. ஏன் பேனாவை நிறுத்திவிட்டீர்கள்? எழுதுங்கள்.

எங்கள் ஊர் கொதித்தது. ஹோல்ட்மியரில் பெரிய வீட்டை வைத்துத்தான் எல்லோருக்கும் பிழைப்பு; பெரிய வீட்டுக்கு ஓர் அவமானம் என்றால் ஊரே தன் வீட்டுச் சமாசாரம் போல எடுத்துக்கொள்ளும். ஊர்ப் பொதுக்கூடத்தில் மாட்டியிருந்த இளவரசர் படத்தைக் கழற்றினார்கள். சுவரில் அந்த இடம் மட்டும் சதுரமாக, வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் கோபம் வந்தது. கறிக்கடை கிளைவ் ரட், கல்லீரலை வெட்டிக்கொண்டே கத்தினான்: "பெத்த அப்பனைச் சந்தி சிரிக்க வெச்சிட்டானே! இவனுக்கெல்லாம் நம்ம வரிப்பணத்துல சோறு. வெக்கங்கெட்ட பய."

வரிசையில் நின்ற பாதிரியார் மனைவி எட்டிப் பார்த்தார். "அது சரி கிளைவ், தராசுக்குப் பின்னாடி என்ன புத்தகம் அது?"

"திட்டணும்னா படிக்க வேணாமாம்மா? படிக்காம திட்டுனா நியாயமா?"

பாதிரியார் மனைவி தன் பையின் வாயை மூடிக்கொண்டார். அவர் பையிலும் ஒன்று இருந்தது, பாட்டுப் புத்தகத்து உறை போட்டு. இப்படித்தான் சார்ஜன்ட். காறித் துப்பிய வாயைத் துடைத்துக்கொண்டு அத்தனை பேரும் வாங்கினார்கள். நான் வாங்கவில்லை. இன்றுவரை அதில் ஒரு பக்கம் நான் புரட்டியதில்லை. ஊரில் அந்தப் புத்தகத்தைப் படிக்காமல் கோபப்பட்டவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். டோரீனும் படிக்கவில்லை, ஆனால் அவளுக்குக் கண் தெரியாது. அது கணக்கில் வராது.

"நீயே வாங்கிட்டு வந்து எனக்குப் படிச்சுக் காட்டேன்டி வின்னி. நம்ம புள்ள எழுதினது" என்றாள்.

"அந்தக் குப்பையை என் வீட்டு வாசப்படி ஏற விடமாட்டேன்."

"நல்லதாத்தானே எழுதியிருக்கு நம்மளைப் பத்தி. மேபலை மட்டும்தான் நம்புனேன்னு."

நம்மளைப் பத்தி என்றாள். அந்த வார்த்தை என் மனதில் தைத்துவிட்டது. 'நம்மளை' இதில் எங்கிருந்து வந்தது? நான் அப்போது துணி அறையில் இருந்தேன். அப்போதுதான் நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

அந்த மாதக் கடைசியில் அறுவடை விழா. வருஷா வருஷம் தேங்காயைப் பந்தால் அடித்து வீழ்த்தும் பந்தயம் இருக்கும். இந்த வருஷம் தேங்காய் இல்லை. இளவரசரின் கல்யாணத்துக்குப் போட்ட, அவர் முகம் அச்சடித்த பீங்கான் குவளைகளை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து அடுக்கினார்கள். காசுக்கு மூன்று பந்து, வசூல் சர்ச் கூரையைப் பழுதுபார்க்க; எத்தனை முகம் உடைகிறதோ அத்தனை புண்ணியம். ஒவ்வொன்று உடையும்போதும் கைதட்டல். என்னையும் எறியச் சொன்னார்கள். நான் எறியவில்லை. ராஜ குடும்பத்து முகத்தில் பந்து எறிவது மரியாதை இல்லை. அதை நான் அங்கேயே சொன்னேன்.

டோரீன் வெள்ளைக் குச்சியைத் தட்டிக்கொண்டு முன்னால் போனாள். "ஒண்ணே ஒண்ணை உடைக்காம எனக்குக் குடுங்கப்பா. பல் செட்டு போட்டு வைக்க ஆகும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் அப்படித்தான், எந்த இடத்திலும் சிரிக்க வைத்துவிடுவாள். கிளைவ் ஒரு குவளையைத் துடைத்து அவள் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டான்: "ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் அங்கதானே இருந்தீங்க. யாரும்மா அந்த மேபல்? அவ மட்டும் கையில கிடைச்சா இருக்கு அவளுக்கு."

டோரீன் முகத்தை என் பக்கம் திருப்பினாள். கண் தெரியாதவள் எதற்காகத் திரும்ப வேண்டும்? "அங்க எல்லாரும் மேபல்தான்ப்பா" என்று சொல்லிச் சிரித்தாள். குவளையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். அதை நான் பார்த்தேன்.

அங்கே நின்றபோது எனக்கு இன்னொன்றும் புரிந்தது. இளவரசரைத் திட்டும்போது எல்லோருக்கும் உள்ளூர ஒரு பயம் இருந்தது. என்ன இருந்தாலும் அந்த ரத்தம். அரசரைத் திட்டவே முடியாது. பெற்ற தாயைப் பிள்ளையிடம் விடாத மனிதர் என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஆனால் வேலைக்காரியைத் திட்ட எந்தத் தடையும் இல்லை. தின்ற சோற்றுக்கு ரெண்டகம் செய்தவள் என்று ஒருத்தி கிடைத்துவிட்டால் ஊருக்குள் எல்லோரும் சமாதானமாகிவிடலாம். இளவரசர் படத்தைக்கூடத் திரும்ப மாட்டிவிடலாம். அதனால் அந்தச் செய்தித்தாளுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். பெயர் போடவில்லை. யாரையும் குற்றம் சாட்டவும் இல்லை. மேபலாக வேலை பார்த்தவர்கள் இருவர் உயிரோடு இருக்கிறார்கள், இன்ன ஊரில் நாலாம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் என்று மட்டும் எழுதினேன். பொய் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை நிருபர் வந்தான். நாங்கள் இருவரும் வேலி ஓரம் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தோம். நான் பறிப்பேன், அவள் மடியில் வாங்கி நார் உரிப்பாள்.

"மேடம், உங்க ரெண்டு பேர்ல இளவரசர்கிட்ட அதைச் சொன்னது யாரு?"

நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லியிருப்பேன். அதற்குள் டோரீன் முந்திக்கொண்டாள்.

"நான்தான் தம்பி. நல்லா எழுதிக்கோ. டோரீன் பாஸ்க், கடைசில க் வரும். இவங்களுக்கு இதுல சம்பந்தமே இல்ல. இவங்க வாயைத் திறந்து யாரும் பாத்ததில்ல."

அவள் அதைச் சொன்னது சிரித்துக்கொண்டே. நாற்பத்தாறு வருஷப் பழக்கம், ஒரே சுவர், ஒரே அவரைக்கொடி; இப்படிப்பட்டவளோடா இருந்தேன்? நிருபர் படம் எடுத்தான். படத்தில் அவள் மடி நிறைய அவரைக்காய்.

மறுநாளிலிருந்து ஊர் செய்ததற்கெல்லாம் நான் பொறுப்பில்லை. அவள் வீட்டுக் கதவில் தபால் போடும் துளை வழியாக நாய் அசிங்கத்தைப் போட்டார்கள். அவளுக்கு அது தெரியாமல் கையால் தடவிவிட்டாள், நான்தான் கழுவிவிட்டேன். கதவில் முட்டை. கிளைவ் கடையில் அவளுக்கு மட்டும் கல்லீரல் தீர்ந்துபோனது. புதன்கிழமை முதியோர் மதியச் சாப்பாட்டுக்கு இனி வர வேண்டாம் என்று பாதிரியார் மனைவி வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மிகவும் வருத்தத்தோடு சொன்னார். வானொலிக்கு ஃபோன் செய்து பேசியவர்கள் அவள் நாக்கை அறுக்க வேண்டும் என்றார்கள். டோரீன் வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்பாள். "என்னமா திட்டுறான் பாரு இவன்! நம்ம பெரிய வீட்டுச் சமையக்காரம்மாவே தோத்தா" என்பாள்.

அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை. வெட்கப்பட்டிருந்தால், அழுதிருந்தால், நான் மன்னித்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

அவளை அந்த வீட்டிலிருந்து எழுப்ப வேண்டும் என்று ஊரார் ஒரு மனு எழுதினார்கள். நான் மூன்றாவதாகக் கையெழுத்துப் போட்டேன். முதலாவதாகப் போட்டால் நன்றாக இருக்காது. பெரிய வீட்டு அலுவலகத்திலிருந்து இரண்டு வாரத்தில் பதில் வந்தது: ஓய்வுபெற்ற பணியாளர்களுக்கு வீடு கொடுத்திருப்பது அவர்களது ஆயுள்வரைக்கும், நடுவில் எதுவும் செய்வதற்கில்லை. அந்தக் கடிதத்தைப் பொதுக்கூடத்தில், படம் இருந்த அந்த வெள்ளைச் சதுரத்தில் ஒட்டியிருந்தார்கள். எல்லோரும் படித்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். நான் கொஞ்ச நேரம் நின்று படித்தேன். ஆயுள்வரைக்கும் என்றுதான் போட்டிருந்தது.

டோரீனுக்கு இதயத்தில் கோளாறு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று சின்ன வெள்ளை மாத்திரை. கண் போன பிறகு, ஏழு நாளுக்கும் ஏழு அறை வைத்த டப்பாவில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நான்தான் அடுக்கிக் கொடுப்பேன். ஒரு வேளைகூட விடக்கூடாது, விட்டால் தாங்காது என்று டாக்டரம்மா என் முன்னால் வைத்துத்தான் சொன்னார். நவம்பர் இரண்டாம் ஞாயிறு நான் டப்பாவை என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். சர்க்கரைக்குப் பதிலாகத் தேநீரில் போடுவோமே, அந்த இனிப்பு மாத்திரை. அளவு, நிறம் எல்லாம் அதே போல. பதினாலு வைத்து மூடிக் கொடுத்தேன். ஒன்றுகூடச் சிந்தவில்லை. துணி அறையில் இருபத்தொன்பது வருஷம் அடுக்கிய கை.

செவ்வாய்க்கிழமை அவள் கேட்டாள்: "ஏண்டி வின்னி, மாத்திரை இனிக்குதே?"

"கம்பெனி மாத்திட்டாங்க."

"நல்லதாப் போச்சு. இந்த ஊர்ல எனக்கு இனிப்பாக் குடுக்க மாத்திரைக் கம்பெனியாவது இருக்கே."

அடுத்த ஞாயிறும் அடுக்கினேன். அதற்கு அடுத்த ஞாயிறும். இதற்கிடையில் அவள் கால் வீங்கியது. நான்தான் ஸ்டூல் போட்டுத் தூக்கி வைத்தேன். மூச்சு வாங்கியது, ஜன்னலைத் திறந்துவிட்டேன். சூப் வைத்துக் கொடுத்தேன். அந்த மூன்று வாரத்தில் அவளைப் பார்க்க அவள் வீட்டுப் படியேறிய ஒரே ஆள் நான்தான். ஊரில் வேறு ஒருவருக்கும் அந்த மனசு இல்லை. இதை நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி இருக்கும். நான் தலையணை உறைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு. டீ தயார் என்று நினைத்தேன். அப்புறமும் தட்டினாள். அப்புறமும். எத்தனை என்று நான் எண்ணவில்லை. இன்னும் நான்கு உறை பாக்கி இருந்தது. ஓரம் மடங்காமல் போட வேண்டும், அவசரப்பட்டால் கெட்டுவிடும். நான்கையும் முடித்து, மடித்து, அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். நாற்காலியிலேயே சுவர்ப் பக்கம் சாய்ந்திருந்தாள். அந்தக் குவளை கீழே விழுந்திருந்தது, ஆனால் உடையவில்லை. வானொலியில் யாரோ மேபலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அதை அணைத்தேன். செத்தவர் இருக்கும் இடத்தில் அப்படிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

டப்பாவை ஒளித்து வைக்கவில்லை. அதில் வியாழன் மாலையும் வெள்ளியும் சனியும் அப்படியே இருந்தன. டாக்டரம்மா ஒன்றை நாக்கில் தொட்டுப் பார்த்து என்னைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் நீங்கள் வந்தீர்கள்.

இவ்வளவையும் நான் நேற்றே சொல்லி முடித்துவிட்டேன். இன்று காலை நீங்கள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "கையுறை பத்தி இதுல எங்க இருக்கு, காட்டுங்க மிஸ் டட்டில்" என்றீர்கள். நான் கை வைக்க மாட்டேன் என்றேன். நீங்களே பக்கத்தைத் திருப்பிப் படித்தீர்கள். கையுறை இல்லை. நாடா இல்லை. ஈரத் தலையணை இல்லை. செய்தித்தாளிலும் இல்லை என்றீர்கள். பெரிய வீட்டுப் பணியாளர் பதிவேட்டின் நகலையும் காட்டினீர்கள்: அவருக்குச் சின்னம்மை போட்டது பிப்ரவரியில், நான் துணி அறைக்கு மாறியது அந்த வருஷம் ஈஸ்டருக்கு அப்புறம். பதிவேடு எழுதுகிறவர்களும் மனிதர்கள்தான், தப்பு வரலாம் என்றேன்.

பிறகு டோரீன் பதிவு செய்திருந்த குரலைப் போட்டுக் காட்டினீர்கள். கண் தெரியாததால் டோரீன் லீட்ஸில் இருக்கும் அண்ணன் மகளுக்குக் கடிதம் எழுதுவதில்லை, பேசி அனுப்புவாள் என்பது எனக்குத் தெரியும். என்ன பேசினாள் என்பது தெரியாது.

"கேத்தி, பேப்பரைப் பாத்துட்டு நீ ஓடி வராதே. நான் சொல்லலடி. வின்னிதான் சொன்னா. நான் அடுத்த ரூம்ல பால் காய்ச்சிட்டு இருந்தேன், கதவு திறந்து கிடந்துச்சு. புள்ள அம்மா அம்மான்னு அழுது தொண்டையே கட்டிப்போச்சு. இவ கையுறை நாடாவைக் கட்டிக்கிட்டே மெதுவாச் சொன்னா, உங்கம்மா உன்னை விட்டுட்டுப் போகலடா, கீழதான் இருக்காங்கன்னு. அப்புறம்தான் புள்ள தூங்குச்சு. அந்த வீட்ல நான் பாத்த ஒரே நல்ல காரியம் அதுதான். ஆனா அவளுக்கு அது ஞாபகமே இல்ல. வாயே திறக்காதவன்னு சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிட்டா. அதையும் புடுங்கிட்டா அவகிட்ட வேற என்னடி இருக்கு? எனக்கென்ன, கண்ணும் இல்ல, இருக்கப்போறது இன்னும் கொஞ்ச நாளு, திட்டிட்டுப் போறானுங்க. நீ கவலைப்படாதே. வின்னி நல்லாப் பாத்துக்கறா. மாத்திரையெல்லாம் அவதான் எடுத்து வெக்கிறா."

இரண்டு தடவை போட்டுக் காட்டினீர்கள். இரண்டாவது தடவை தேவையில்லை.

நீங்கள் என் முகத்தையே பார்க்கிறீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போல. ஒரு திருத்தம் மட்டும் செய்துகொள்கிறேன். அந்தக் குழந்தை கேட்டது, நான் பதில் சொன்னேன். அது வீட்டுக்குள் நடந்தது. நான் கையெழுத்துப் போட்ட தாளில் வெளியே சொல்லக் கூடாது என்றுதான் இருக்கிறது. உள்ளே இருக்கும் குழந்தைக்கு உள்ளே இருக்கும் அம்மாவைப் பற்றிச் சொல்வது எப்படி வெளியே சொன்னதாகும்? வேண்டுமானால் உங்கள் வக்கீல்களைக் கேட்டுப் பாருங்கள். நான் வாய் திறந்ததில்லை. அதில் மாற்றம் இல்லை.

மாத்திரையை மாற்றியது நான். கடிதம் எழுதியது நான். சுவரில் தட்டியது கேட்டது, டீக்கு இல்லை என்பதும் தெரிந்தது, நான் போகவில்லை. டோரீன் பாஸ்க்கைக் கொன்றது நான். எழுதிவிட்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன், எங்கே என்று காட்டுங்கள்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். எங்களுக்கு நடுவில் ஒரே ஒரு சுவர்தான். "நீதாண்டி சொன்னே" என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள். சொல்லவில்லை. நாற்பத்து மூன்று வருஷம் எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டு, என்னோடு டீ குடித்துக்கொண்டு, வாயையே திறக்காமல் இருந்திருக்கிறாள். அப்படிப்பட்ட அழுத்தக்காரியை யார்தான் நம்புவார்கள்?